ஜெல்லி மீன் கொட்டினால் எதை ஊற்றுவது?

1997-ல் அமெரிக்காவில் ஒளிபரப்பான 'ஃபிரெண்ட்ஸ்' தொடரின் ஒரு பகுதியில், கடற்கரைக்குப் போன இடத்தில் மோனிகாவை ஜெல்லி மீன் கொட்டிவிடும். வலியில் துடிப்பவளுக்குக் கிடைக்கும் 'சிகிச்சை' சிறுநீர்! ஜெல்லி மீன் கொட்டினால் சிறுநீர் ஊற்றினால் போதும் என்ற நம்பிக்கை அதற்கு முன்பே இருந்ததுதான். ஆனால் கடலையே பார்த்திராதவர்களிடமும் அதைக் கொண்டு சேர்த்த பெருமை அந்த அரை மணி நேர நகைச்சுவைக்கே போகவேண்டும். மருத்துவர்கள் எத்தனையோ முறை மறுத்துச் சொல்லியாகிவிட்டது. நம்பிக்கை அசைவதாக இல்லை.

சிறுநீரை விடுங்கள், அதில் பயன் ஒன்றும் இல்லை. உண்மையான சிக்கல் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. "ஜெல்லி மீன் கொட்டினால் எதை ஊற்ற வேண்டும்?" என்று கேட்கும்போதே மூன்று விஷயங்கள் முடிவாகிவிடுகின்றன. எல்லா ஜெல்லி மீனும் ஒன்று, எல்லாக் கடலும் ஒன்று, ஊற்றுவதுதான் வைத்தியம். மூன்றும் தவறு. இந்தத் தவறுகளுக்கு அதிக விலை கொடுத்தது ஆஸ்திரேலியாவின் வடகரை. அதே தவறுகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொள்ளப் பாடுபட்டதும் அந்த நாடுதான். எனவே அங்கே நடந்ததைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும்.

முதலில் கொட்டும் விதம். ஜெல்லி மீனின் விழுதுகளில் கண்ணுக்குத் தெரியாத விஷப்பைகள் லட்சக்கணக்கில் உண்டு. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு குழல், சுருட்டி வைத்த வில் போல. ஏதாவது உரசினால் பை வெடித்துக் குழல் வெளியே பாய்ந்து தோலுக்குள் விஷத்தை இறக்கும். ஜெல்லி மீனின் உறவுக்கார உயிரான ஹைட்ராவில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான்! உயிரினங்களின் உலகில் இதைவிட வேகமான அசைவுகள் மிகக் குறைவு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கொட்டு வாங்கியவர் கரைக்கு ஓடி வரும்போது தோலில் ஒட்டியிருக்கும் விழுதுத் துண்டுகளில் பெரும்பாலான பைகள் இன்னும் வெடிக்காமலே இருக்கும். அதாவது கொட்டியதைவிடக் கொட்டக் காத்திருப்பது அதிகம். நல்ல தண்ணீரை ஊற்றினாலோ, துண்டால் தேய்த்தாலோ, மணலைப் போட்டுத் துடைத்தாலோ அவையும் வெடிக்கும். உதவி செய்ய வந்தவர் தன் கையாலேயே இன்னொரு முறை கொட்டவைத்த கதையாகிவிடும். கடல் நீரில் இல்லாத ஒரு மாற்றம் நல்ல தண்ணீர் பட்டதும் பைகளுக்கு ஏற்படுகிறது; நீர்த்துப்போன சிறுநீரும் கிட்டத்தட்ட அதையே செய்யும். அந்த நகைச்சுவைக் காட்சியின் விஞ்ஞானம் அவ்வளவுதான்.

இனி ஆஸ்திரேலியக் கதை. 1955 ஜனவரியில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் கார்டுவெல் ஊரில், ஆழமில்லாத நீரில் விளையாடிய ஐந்து வயதுச் சிறுவன் கொட்டு வாங்கிச் சில நிமிடங்களில் இறந்தான். கெய்ர்ன்ஸ் நகர மருத்துவர் ஹியூகோ ஃபிளெக்கர் அந்த இடத்தில் வலை போடச் சொன்னார். சிக்கியவற்றில் அதுவரை பெயரிடப்படாத, பெட்டி போன்ற உடலுடைய ஒரு ஜெல்லி மீன் இருந்தது. அதை ஆராய்ந்த ரொனால்ட் சவுத்காட் 'கைரோனெக்ஸ் ஃபிளெக்கெரி' என்று பெயர் வைத்தார். பெட்டி ஜெல்லி என்று பொதுவாகச் சொல்லப்படும் கூட்டத்தில் மிகக் கொடியது இது. அறுபது வரை விழுதுகள், ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் வரை நீளும். ஆஸ்திரேலியாவில் பதிவான கணக்கின்படி இதுவரை அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கியிருக்கிறது.

எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. வைத்தியம்? அங்கேதான் வேடிக்கை. ஆரம்பத்தில் கொடுக்கப்பட்ட அறிவுரை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டை ஊற்றுவது. கிருமிநாசினி, எரிச்சல் தருவது, மருத்துவமனை வாசனை அடிப்பது... ஒரு மருந்துக்கு வேண்டிய எல்லாப் பொருத்தமும் அதற்கு இருந்தது. 1980-ல் ஹார்ட்விக், கேலனன், வில்லியம்சன் என்ற மூவர் பெட்டி ஜெல்லியின் விழுதுகளை எடுத்து ஒவ்வொரு திரவமாக ஊற்றிப் பார்த்தார்கள். ஸ்பிரிட் பட்டதும் விஷப்பைகள் வெடித்தன. காப்பாற்ற ஊற்றியது விஷத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது! சமையலறை வினிகர் பட்ட பைகளோ அப்படியே செயலிழந்து நின்றன. அன்றிலிருந்து வடகுயின்ஸ்லாந்துக் கடற்கரைகளில் கம்பத்தில் மாட்டிய வினிகர் புட்டிகள் வந்தன. இன்றும் இருக்கின்றன.

ஊற்றியபின் கட்டுப் போடு என்றும் ஒரு அறிவுரை இருந்தது. பாம்புக் கடிக்கு ஆஸ்திரேலியாவில் செய்வதுபோல அழுத்திக் கட்டினால் விஷம் பரவாது என்ற எண்ணம். 2000-ஆம் ஆண்டு வாக்கில் அதுவும் கேள்விக்குள்ளானது. அழுத்தினால் ஏற்கெனவே வெடித்த பைகளிலிருந்து மிச்ச விஷமும் பிதுங்கி உள்ளே போகிறது என்று ஆய்வகத்தில் தெரிந்தது. கட்டும் கைவிடப்பட்டது. பாம்புக்குச் சரியானது ஜெல்லி மீனுக்கும் சரி என்று யாரும் சோதித்துப் பார்க்காமலே முடிவு செய்திருந்தார்கள் என்பது இப்போது யோசித்தால் விநோதமாக இருக்கிறது.

வினிகரைப் பற்றி மக்களுக்கு இருக்கும் பெரிய தவறான எண்ணம், அது விஷத்தை முறிக்கும் என்பது. முறிக்காது. வலியையும் குறைக்காது. உள்ளே இறங்கிய விஷத்துக்கும் வினிகருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இனி இறங்கப் போவதைத் தடுப்பது ஒன்றே அதன் வேலை. முப்பது நொடியாவது தாராளமாக ஊற்றி, பிறகு விழுதுகளை எடுத்துவிட வேண்டும். தீயணைப்பது வேறு, பக்கத்து வீட்டுக்குப் பரவாமல் பார்த்துக்கொள்வது வேறு அல்லவா? வினிகர் செய்வது இரண்டாவது வேலை.

2014-ல் அந்தப் புட்டிக்கும் சோதனை வந்தது. ஏற்கெனவே வெடித்துவிட்ட பைகளின் மேல் வினிகர் பட்டால் அவற்றில் மிஞ்சிய விஷம் கூடுதலாக வெளியேறுகிறது என்று குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் கட்டுரை வெளியிட்டார்கள். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். 'வினிகர் கொல்லும்' என்கிற தொனியில் செய்திகள் பறந்தன. ஆனால் அந்த ஆய்வு ஆய்வகத்தில் நடந்தது. மனிதர் மேல் அல்ல. வெடித்த பையிலிருந்து எவ்வளவு கூடுதலாக வருகிறது, வெடிக்காத பைகளைத் தடுப்பதால் எவ்வளவு மிச்சமாகிறது என்ற இரண்டையும் ஒரு தராசில் வைத்துப் பார்க்காமல் முப்பது வருட வழக்கத்தைத் தூக்கி எறிய முடியாது. ஆஸ்திரேலியாவின் முதலுதவி நெறிமுறைகளை வகுக்கும் குழு வெப்பமண்டலக் கரைகளுக்கு வினிகரையே தொடர்ந்து பரிந்துரைத்தது. அது சரியான முடிவு. அந்த ஆய்வை வெளியிட்டவர்களையும் குறை சொல்லக் கூடாது. ஸ்பிரிட்டையும் கட்டையும் கேள்வி கேட்டவர்களும் இதே வகை ஆட்கள்தான்.

தெற்கே வந்தால் எல்லாம் தலைகீழ். சிட்னி, நியூகாசில் பக்கத்துக் கடற்கரைகளில் தொல்லை தருவது புளூபாட்டில். நீல நிறக் காற்றுப்பை மிதக்க, கீழே நீளமாக விழுது தொங்கும். (கறாராகச் சொன்னால் இது ஜெல்லி மீனே இல்லை, பல சிற்றுயிர்கள் கூடி வாழும் ஒரு கூட்டம். கொட்டு வாங்கியவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருப்பது உசிதமல்ல.) ஆஸ்திரேலியாவில் இதனால் உயிர் போவதில்லை, வலியோ சாதாரணமல்ல. பல வருடங்களாக இதற்கு ஐஸ் வைப்பதுதான் வழக்கம். 2006-ல் வெளியான நியூகாசில் ஆய்வு ஒன்று வந்து அதை மாற்றியது. கொட்டு வாங்கிக் கரையேறிய 96 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 45 டிகிரி வெந்நீர், மறு பாதிக்கு ஐஸ். இருபது நிமிடம் கழித்து வலி குறைந்தது என்றவர்கள் வெந்நீர்ப் பக்கத்தில் 87 சதவீதம், ஐஸ் பக்கத்தில் 33 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இந்த ஆய்வைக் கொஞ்சம் நின்று பாராட்ட வேண்டும். விலை உயர்ந்த கருவி இல்லை, புது மருந்து இல்லை. வெந்நீர், ஐஸ், ஒரு கடிகாரம், வலியைக் கேட்டு எழுதிக்கொள்ள ஆட்கள். இத்தனை எளிய சோதனையை அதற்கு ஐம்பது வருடம் முன்பே செய்திருக்கலாம். செய்யாததற்குக் காரணம் பணமல்ல. விடை ஏற்கெனவே தெரியும் என்ற நினைப்பு. ஸ்பிரிட்டிலும் கட்டிலும் நடந்ததும் இதே.

இத்தனைக்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. புளூபாட்டிலுக்கு வினிகர் வேண்டாம், விழுதை எடுத்துவிட்டுக் கடல் நீரில் கழுவி வெந்நீர் கொடு என்கிறது ஆஸ்திரேலிய நெறிமுறை. ஹவாயின் ஆஞ்சல் யானகிஹாராவும் அயர்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட கட்டுரையோ, அதே இனத்துக்கு வினிகர் நல்லது, கடல் நீரில் கழுவினால்தான் விழுது பரவி நிலைமை மோசமாகும் என்கிறது. வெந்நீர் விஷயத்தில் மட்டும் இரு தரப்பும் ஒன்று. ஹவாய் ஆய்வு ஆய்வகத்தில் நடந்தது, நியூகாசில் ஆய்வு மனிதர்களிடம் நடந்தது என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. வினிகரா கடல் நீரா என்பதற்கும் அதே நியூகாசில் பாணியில் ஒரு சோதனை நடக்கும்வரை இணையத்தில் யார் அடித்துச் சொன்னாலும் சந்தேகத்தோடு பார்ப்பதே நல்லது.

ஆக, ஒரே நாட்டுக்குள்ளேயே விடை இரண்டு. கிழக்குக் கரையில் பண்டபெர்க்குக்கு வடக்கே, மேற்கில் ஜெரால்டன் வரை சுற்றி வரும் வெப்பமண்டலக் கடலில் எது கொட்டியது என்று தெரியாவிட்டால் உயிர்க்கொல்லி என்றே வைத்துக்கொண்டு வினிகர். அதற்குத் தெற்கே வெந்நீர். கோடு போட்டுப் பிரித்த மாதிரியான இந்த ஏற்பாடு விஞ்ஞானிக்குத் திருப்தி தராமல் இருக்கலாம். பதற்றத்தில் நிற்கும் ஒரு தகப்பனுக்கு இதுதான் உதவும். எந்த இனம் என்று அவனால் பார்த்துச் சொல்ல முடியாது, எந்த ஊரில் நிற்கிறான் என்பது தெரியும்.

இந்தக் கோட்டை விட்டுவிட்டு அறிவுரையை மட்டும் எடுத்துக்கொண்டு போவதுதான் இப்போது நடக்கிறது. மழைக்காலத்தில் மும்பைக் கரைகளில் ஒதுங்குவது புளூபாட்டில் வகை. அந்தச் சமயத்தில் கைக்குக் கை பரவும் குறிப்புகளில் வினிகர், சிறுநீர், எலுமிச்சை, ஐஸ் எல்லாம் ஒரே பட்டியலில் வரும், எந்தக் கடலுக்கு எது என்ற வரி இல்லாமல்.

இதெல்லாம் போகட்டும். ஊற்றுவதைப் பற்றிய இத்தனை விவாதத்துக்கும் அடியில் ஒரு விஷயம் புதைந்து கிடக்கிறது. கைரோனெக்ஸ் நன்றாகச் சுற்றிக் கொட்டிவிட்டால் இதயம் நிற்பதற்குச் சில நிமிடங்கள் போதும். அந்த நிமிடங்களுக்குள் ஆம்புலன்ஸ் வராது. 1970 முதல் செம்மறியாட்டின் ரத்தத்திலிருந்து தயாரிக்கப்படும் விஷமுறிவு மருந்து உண்டு. ஆனால் அது மருத்துவமனையிலோ ஆம்புலன்ஸிலோ இருக்கும். மனிதர்களிடம் அது எவ்வளவு வேலை செய்கிறது என்று குலுக்கல் முறையில் ஒப்பிட்ட சோதனையும் நடந்ததில்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருக்கக்கூடிய ஒரே வைத்தியம் பக்கத்தில் நிற்பவரின் இரண்டு கைகள். நெஞ்சை அழுத்தி, மூச்சு ஊதி, ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் செய்யும் சி.பி.ஆர். நினைவிழந்து மூச்சு நின்றவரிடம் வினிகரைத் தேடி ஓடுவது நேரத்தை வீணாக்குவது. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் ஊற்றட்டும். ஒருவர்தான் என்றால் நெஞ்சுதான் முதலில்.

2021-ல் கேப் யார்க் பகுதியில் கொட்டு வாங்கிய பதினேழு வயது இளைஞன் விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டும் சில நாட்களில் இறந்தான். அடுத்த வருடமே மெக்காய் நகருக்கு அருகே ஒரு கடற்கரையில் பதினான்கு வயதுப் பையன். இருவரும் சிறுவயதினர் என்பது தற்செயல் அல்ல. உடல் சிறியதாக இருந்தால் அதே அளவு விஷம் சீக்கிரம் வேலையைக் காட்டும். பெரிய நகரங்களின் சுற்றுலாக் கடற்கரைகளில் வலையும் உயிர்காப்பாளரும் உண்டு. தொலைதூரப் பழங்குடிக் கிராமத்துக் கரைகளில் பிள்ளைகள் குளிக்கும் இடத்தில் இருப்பது பெரும்பாலும் இன்னொரு பிள்ளைதான். சி.பி.ஆர். பயிற்சி முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அந்தப் பள்ளிக்கூடங்கள்.

இருகாஞ்சியின் கதை இதற்கு நேரெதிர். கட்டைவிரல் நகம் அளவே உள்ள பெட்டி ஜெல்லி இது. கொட்டியதே பலருக்குத் தெரியாது. அரை மணி நேரம் கழித்து முதுகு வலி, வாந்தி, வியர்வை, எகிறும் ரத்த அழுத்தம், சாகப்போகிறோம் என்ற காரணமில்லாத திகில். இதற்கு இந்தச் சிறு ஜெல்லிதான் காரணம் என்று நிரூபிக்க 1961-ல் டாக்டர் ஜாக் பார்ன்ஸ் தன்னையும், தன் ஒன்பது வயது மகனையும், ஒரு உயிர்காப்பாளரையும் வேண்டுமென்றே கொட்டவைத்தார்! மூவரும் மருத்துவமனையில் படுத்தார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது, மகனை இழுத்தது நியாயமும் இல்லை. இந்த நோய்க்கு மெக்னீசியம் நன்றாக வேலை செய்வதாக 2000-களில் நம்பிக்கை பிறந்தது. 2012-ல் 39 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தபோது பலன் தெரியவில்லை. இப்போதைக்குக் கையில் இருப்பது வலி நிவாரணி, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, கண்காணிப்பு.

2019-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் கிரெக் நீலியின் குழு வேறு வழியில் போனது. மனித செல்களின் மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கி, பெட்டி ஜெல்லியின் விஷம் எதைப் பிடித்துக்கொண்டு செல்லைக் கொல்கிறது என்று தேடினார்கள். கொலஸ்ட்ரால் சம்பந்தப்பட்ட ஒரு வழி கிடைத்தது. அந்த வழியை அடைக்கும் மருந்து ஏற்கெனவே வேறு நோக்கத்துக்காக இருந்தது. எலிகளில், கொட்டிய கால் மணி நேரத்துக்குள் கொடுத்தால் வலியும் தோல் சிதைவும் குறைந்தன. நல்ல செய்திதான். எலியிலிருந்து கடற்கரை வரை தூரம் அதிகம். நிற்கும் இதயத்துக்கு அது உதவுமா என்பதை அந்தச் சோதனை சொல்லவில்லை.

அதுவரை ஒரு சின்ன மாற்றத்தைச் செய்யலாம். வடகுயின்ஸ்லாந்துக் கடற்கரையில் வினிகர் புட்டி தொங்கும் அதே கம்பத்தில், புட்டிக்கு மேலே, பெரிய எழுத்தில், முதல் வரியாக "மூச்சு இருக்கிறதா என்று பார்" என்று எழுதி வைக்க வேண்டும். இரண்டாவது வரி 000-க்கு அழைப்பது. வினிகர் மூன்றாவது வரிக்குப் போகட்டும். நவம்பர் முதல் மே வரை அந்தக் கடலில் இறங்குபவர்கள் உடல் முழுவதும் மூடும் மெல்லிய உடை போட்டுக்கொண்டால் மூன்று வரிகளுக்கும் அநேகமாக வேலை வராது. அந்த உடைகள் வருவதற்கு முன்னால் குயின்ஸ்லாந்து உயிர்காப்பாளர்கள், நல்ல கட்டுமஸ்தான ஆண்கள், பெண்களின் நைலான் காலுறையைக் காலிலும் கையிலும் இழுத்து மாட்டிக்கொண்டுதான் கடலில் இறங்கினார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். கொட்டு மட்டும் விழவில்லை.